எடை போடுவதற்கு முன்: மதுரைச் சின்னக் கடைகளில் நேர்மையாக, குப்பை சேராமல் வாங்க முழுமையான வழிகாட்டி

சின்னக் கடையில் வாங்கும்போது பொருள் தராசில் விழுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிடுகிறது. எந்தப் பையில் போடுவது, பாத்திர எடையைக் கழித்தாயிற்றா, பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது, சொன்ன விலை கிலோவுக்கா லிட்டருக்கா என்பதையெல்லாம் எடை போட்ட பிறகு கேட்டால் கடைக்காரருக்குச் சங்கடம், பின்னால் நிற்பவருக்கு எரிச்சல். பாலித்தீன் கவரில் முடிச்சுப் போட்டு நீட்டிய பருப்பை வாங்கி, "கவர் வேண்டாம்ணே" என்று பிரித்துக் கொட்டிக்கொண்டால் அந்தக் கவர் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். எடை போடுவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இங்கே சொல்லப்போவது.

மதுரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இங்கே அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள், விளக்குத்தூணைச் சுற்றித் துணிக்கடைகள், நெல்பேட்டையில் மீன், மாட்டுத்தாவணியில் பூ, திலகர் திடலில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இன்னும் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தெருப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை

பெரிய மஞ்சப்பை இரண்டு. ஒன்று காய்க்கு, ஒன்று மளிகைக்கு. கீரையின் ஈரம் பருப்பில் ஏறினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது.

பழைய வேட்டியிலோ காட்டன் சேலையிலோ தைத்த சுருக்குப்பைகள் ஆறு. ஒரு கிலோ பருப்புக்கு சுமார் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் சரியாக இருக்கும். தையலை உட்புறம் மடித்து இரட்டையாகப் போடுங்கள். ஒற்றைத் தையலில் கடுகும் கசகசாவும் வழியில் கொட்டிவிடும். ஒவ்வொரு பையின் எடையையும் ஓரத்தில் அழியாத மையில் எழுதிவையுங்கள். 25 கிராம் துணிப்பையில் ஏலக்காய் வாங்கினால் அந்த 25 கிராமுக்கும் ஏலக்காய் விலை கொடுக்க நேரும்.

மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று, இறுக்கமாக மூடும் டப்பா இரண்டு. தயிர், மாவு, மீன், கறி எல்லாவற்றுக்கும் இவை போதும். அடியில் எடையை எழுதிவையுங்கள்.

கடையில் தரும் "துணிப்பை" எல்லாம் துணி அல்ல. தொட்டால் துணி மாதிரி மெத்தென்று இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நூல் தெரியாது, சின்னப் புள்ளிகளாக அழுத்திய தடம் மட்டுமே தெரியும். அது பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்கேதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் இந்த நெய்யாத பைகளும் உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் அதே பட்டியலில் இருக்கின்றன. மக்கள் மறந்துபோன துணிப்பையை மறுபடி கையில் எடுக்கவைக்கத்தான் 2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசு தொடங்கியது.

செய்தித்தாளில் மடித்த வடையையும் பஜ்ஜியையும் வாங்காதீர்கள். அச்சு மை எண்ணெய்ச் சூட்டில் பலகாரத்தில் இறங்கும். செய்தித்தாளில் உணவு பொதிவதை உணவுப் பாதுகாப்பு ஆணையமும் கூடாதென்கிறது. டப்பாவை நீட்டுங்கள், அல்லது வாழையிலை கேளுங்கள். மதுரையில் இலை கிடைக்காத தெரு குறைவு.

தராசைப் படிப்பது

இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும், வாழ்நாள் முழுக்கப் பயன்படும்.

மின்தராசில் முதலில் பார்க்க வேண்டியது பூஜ்யம். தட்டில் ஒன்றுமில்லாதபோது 0.000 காட்ட வேண்டும். பிறகு உங்கள் பாத்திரத்தை வைத்து, "அண்ணே, ஜீரோ பண்ணிட்டுப் போடுங்க" என்று சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியதும் மறுபடி பூஜ்யம் வரும். பொருளைப் போட்டதும் காட்டுவது சரியான நிகர எடை. பாத்திரத்தை எடுத்த பிறகு தராசு கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும், அது பாத்திரத்தின் எடை. நீங்கள் எழுதிவைத்ததோடு ஒத்துப்போனால் தராசும் சரி என்று தெரிந்துகொள்ளலாம். அதாவது எடை எழுதிய டப்பா, காசில்லாமல் கிடைத்த சோதனைக் கல்.

பலர் ஏமாறுவது வேறோரிடத்தில், அதில் கடைக்காரரின் குற்றம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தராசின் தகட்டில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, ஒரு பிரிவின் அளவு மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். மளிகைக் கடையில் வழக்கமாக இருக்கும் 30 கிலோ தராசு 5 கிராம் பிரிவுள்ளது என்றால், அதில் நம்பி எடை போடக்கூடிய குறைந்தபட்ச அளவு 100 கிராம். அதற்குக் கீழே போட்டால் பிழை விழுக்காடு பெருத்துவிடும். 10 கிராம் கிராம்பு, 25 கிராம் ஏலம், 5 கிராம் குங்குமப்பூ போன்றவற்றை அந்தத் தராசில் வாங்கக் கூடாது. ஒரு கிராமோ அதற்கும் குறைவான பிரிவோ உள்ள சின்னத் தராசு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலைமிகுந்த வாசனைப் பொருள்களை நாலு வீட்டுக்குச் சேர்த்து 100 கிராமுக்கு மேல் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

மின்தராசுக்கு ஆண்டுக்கொரு முறையும், கைத்தராசுக்கும் எடைக்கற்களுக்கும் இரண்டு ஆண்டுக்கொரு முறையும் எடையளவுத் துறையின் முத்திரை புதுப்பிக்கப்பட வேண்டும். சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கும். கைத்தராசில் கல்லின் அடியில் உள்ள ஈயக்குழியில் முத்திரை இருக்கும். கல்லுக்குப் பதில் பேட்டரியோ செங்கல் துண்டோ வைத்து நிறுப்பவரிடம் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். அவரைப் பொது இடத்தில் அவமானப்படுத்தத் தேவையில்லை. எடைக் குறைவு தொடர்ந்து நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். பில்லும் தேதியும் கையில் இருந்தால்தான் அந்தப் புகார் நிற்கும்.

உழவர் சந்தையில் காய்

உழவர் சந்தையின் அடிப்படை எளியது. விவசாயி என்று சரிபார்க்கப்பட்டவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, கடைக்கு வாடகை இல்லை, அன்றைய விலை நிர்வாகம் நிர்ணயித்துப் பலகையில் எழுதும். அந்த விலை மொத்தச் சந்தை விலைக்கு மேலும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழுமாக இருக்கும். இடையில் தரகர் எடுக்கும் பங்கை விவசாயியும் நீங்களும் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்பது இதன் கணக்கு. ஆகவே பலகை விலைக்குக் கீழே பேரம் பேசுவது அந்த ஏற்பாட்டையே உடைப்பது. பேசாதீர்கள்.

காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள். பத்து மணிக்கு மேல் விலை இறங்கும், ஆனால் மிச்சம் கிடப்பது வதங்கிய காய். அன்றைக்கே சமைப்பதென்றால் அதையும் வாங்கலாம். விற்காமல் போனால் அது மாட்டுக்கோ குப்பைக்கோ போகும் காய்தான்.

உண்மையான விவசாயியின் கடையை அடையாளம் காண எளிய வழி, என்னென்ன காய் ஒன்றாக இருக்கிறது என்று பார்ப்பது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளித் தோட்டத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் காலிஃப்ளவரும் கத்தரியும் வெண்டையும் ஒரே நாளில் அறுவடை ஆகாது. மலைக்காய்களுக்கென்று தனியாக ஒதுக்கிய கடைகளில் அவை இருந்தால் சரி. கத்தரி விற்கும் ஒருவரிடம் பத்து வகைக் காயும் அடுக்கியிருந்தால் பாதிக்கு மேல் மொத்தச் சந்தையில் வாங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டோ மூன்றோ காய், அவையும் அளவில் சீராக இல்லாமல், காம்பில் மண்ணோடு இருந்தால் அங்கே நில்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. "எந்த ஊருக்கா உங்களுக்கு?" "இது எத்தனாவது பறிப்பு?" "மருந்து அடிச்சு எத்தன நாளாச்சு?" மூன்றாவதைத்தான் பலரும் கேட்பதில்லை. "மருந்து அடிப்பீங்களா" என்றால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் அடித்தவர் நாளைச் சொல்வார், அடிக்காதவர் ஏன் அடிப்பதில்லை என்று விளக்குவார். பூச்சிக்கொல்லி ஒவ்வொன்றுக்கும் தெளித்த பிறகு இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று காத்திருப்புக் காலம் உண்டு. நேற்று மாலை தெளித்து இன்று காலை பறித்த கத்தரியைவிட, பத்து நாளைக்கு முன் தெளித்ததாக ஒளிக்காமல் சொல்பவரின் காய் மேல்.

பருவத்தோடு வாங்கினால் விலையும் மருந்தும் இரண்டுமே குறையும். மார்கழி, தையில் மொச்சையும் அவரையும். தையில் பனங்கிழங்கு. பங்குனிக்கு மேல் முருங்கை மலிவு. சித்திரை, வைகாசியில் நுங்கும் மாம்பழமும். கோடையில் காலிஃப்ளவர் தேடுவது, தைக்கு முன் மாம்பழம் தேடுவது எல்லாம் தூரத்து லாரிக்கும் குளிர்சாதனக் கிடங்குக்கும் கொடுக்கும் காசு. பழுக்காத மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தால் தோல் ஒரே சீராக மஞ்சளாகும், காம்படியில் மணம் இருக்காது, அறுத்தால் கொட்டையருகே வெள்ளையாகப் புளிக்கும்.

தெருவில் கூடையோடு வரும் கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். கொசுறு கேட்பதும் அப்படித்தான். கருவேப்பிலை கிலோவுக்கு நூறு ரூபாயைத் தாண்டும் நாள்களில் ஒரு கொத்துக் கொசுறு அவர் கையிலிருந்து போகும் காசு. அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மளிகையும் "இயற்கை" என்ற சொல்லும்

மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் பருப்பும் அரிசியும் பாக்கெட்டைவிடக் குப்பை குறைந்தவை, பெரும்பாலும் விலையும் குறைந்தவை. இதில் நேரக்கூடிய தவறு, பழைய சரக்கு. மூட்டையின் மேல் பகுதியைப் பார்த்து ஏமாறாமல் உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். பச்சை வாசமில்லாமல் மக்கல் வாடை அடித்தாலோ, உள்ளங்கையில் தூள் ஒட்டினாலோ வண்டு இறங்கிவிட்டது. துவரம்பருப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் பாலிஷ் போட்டது. பாலிஷ் போடாதது மங்கலாக, விளிம்பில் கொஞ்சம் தவிட்டோடு இருக்கும்.

பாரம்பரிய அரிசி வாங்குவோருக்கு ஒரு குழப்பம். கருப்புக் கவுனியைக் கழுவும்போது தண்ணீர் ஊதாவாக மாறுவதைப் பார்த்துச் சாயம் என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அது தவிட்டிலுள்ள இயற்கை நிறமி. எலுமிச்சை சில சொட்டு விட்டால் அந்தத் தண்ணீர் சிவப்புப் பக்கம் திரும்பும். அரிசியை உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், உள்ளேயும் நிறம் ஊறியிருந்தால்தான் சந்தேகம். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா என்று இன்று கடைகளில் பெயர் சொல்லிக் கேட்க முடிவதற்கு, 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் போன்றவர்கள் விதையைச் சேகரித்து உழவர்களுக்குப் பரப்பியதே காரணம். அந்த உழைப்புக்கு மரியாதை, "எந்தப் பட்டத்து நெல், எப்ப அரைச்சது" என்று கேட்டு வாங்குவது. தவிடு நீக்காத அரிசி அரைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் காறல் வாடை வரும். ஐந்து கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள்.

"இயற்கை" என்று கையால் எழுதிய பலகைக்குச் சட்டப்படி மதிப்பு ஒன்றும் இல்லை. அடைத்த பொருளில் "ஜைவிக் பாரத்" முத்திரை இருந்தால் சான்று பெற்றது என்று பொருள். சான்று இரண்டு வகை. ஒன்று, மூன்றாவது தரப்பு நிறுவனம் தோட்டத்தைச் சோதித்துத் தருவது. தமிழ்நாட்டில் கோவையிலுள்ள அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை இதைச் செய்கிறது. இன்னொன்று, அண்டைத் தோட்டக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை. அதில் "கிரீன்" என்று இருந்தால் நிலம் இன்னும் மாற்றக் காலத்தில் இருக்கிறது, "ஆர்கானிக்" என்றால் முழுதும் மாறிவிட்டது. மாற்றக் காலத்துப் பொருளை ஒதுக்காதீர்கள். ரசாயன உரத்தை நிறுத்திய முதல் ஆண்டுகளில்தான் விளைச்சல் விழும், அப்போதுதான் அந்த விவசாயிக்கு வாங்குபவர் தேவை. நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால், அட்டை இல்லாதவர் எல்லாம் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது. அவரிடம் தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

வெல்லம் வெளிறிய மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் ஹைட்ராஸ் போட்டு வெளுத்தது. கரும்பழுப்பாக, கொஞ்சம் ஈரப்பசையோடு இருப்பதை எடுங்கள். கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் சீனிக் கற்கண்டு மாதிரி மின்னினால் சீனிப்பாகு கலந்தது. பதநீர்க் காலம் பங்குனிக்குப் பக்கத்தில் தொடங்கி ஆடியோடு ஓய்ந்துவிடும். மார்கழியில் "நேத்து காய்ச்சினது" என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

எண்ணெய்: கணக்குப் போட்டு வாங்க வேண்டிய ஒரே பொருள்

செக்கு எண்ணெயில் நடக்கும் ஏமாற்று வேறெதிலும் இவ்வளவு இல்லை, ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கால்குலேட்டர் போதும்.

ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் சுமார் இரண்டரை கிலோ எள்ளோ கடலைப்பருப்போ (உரித்த நிலக்கடலை) வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு நன்கு காய்ந்த கொப்பரை ஒன்றே முக்கால் கிலோ அளவில் வேண்டும். கடலைப்பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை கிலோவுக்கு 350. திரும்பக் கிடைக்கும் புண்ணாக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. அதைக் கிலோ 45-க்கு விற்றால் 63 ரூபாய் கழியும். மீதி 287. கூலி 25 சேர்த்தால் 312. இதில் கடை வாடகை, பாட்டில், லாபம் எதுவும் சேரவில்லை. அந்த நாளில் "சுத்தமான மரச்செக்கு" என்று 200 ரூபாய்க்கு ஒருவர் விற்றால், அதில் பாமாயிலோ ரீஃபைண்டு எண்ணெயோ சேராமல் அந்த விலை வராது. போகும்முன் அன்றைய பருப்பு விலையைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி, கிலோவும் லிட்டரும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். கிலோ 320 என்பதும் லிட்டர் 320 என்பதும் ஒன்றல்ல. கிலோவுக்கு வாங்கினால் ஏறக்குறைய 1.1 லிட்டர் கிடைக்கும். விலையை ஒப்பிடும்போது எதில் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

தூக்கைக் கொண்டுபோய் எண்ணெய் ஊற்றி வாங்கலாமா என்றால், உணவுப் பாதுகாப்பு விதிகள் சமையல் எண்ணெயை அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்கச் சொல்கின்றன. கலப்படத்தைத் தடுக்க வந்த விதி அது. குப்பையும் இல்லாமல் விதியும் மீறாமல் இருக்க வழி, நாமே பருப்பு வாங்கிக் கூலிக்கு ஆட்டுவது. செய்முறை இதுதான்.

செக்குக்காரரிடம் ஓர் ஈடுக்குக் குறைந்தது எத்தனை கிலோ வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், செக்கின் அளவைப் பொறுத்து மாறும். உங்கள் வீட்டுக்கு அது அதிகமென்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்துகொள்ளுங்கள். கடலைப்பருப்பை வாங்கியதும் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இந்த வேலையில் சோம்பல் கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அதில் ஒரு பகுதி சுத்திகரிக்காத செக்கு எண்ணெயிலும் இறங்கும். பிறகு ஒரு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் குறையும், சீக்கிரம் காறும். எள்ளுக்குக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம். அதை நீங்களே கொண்டுபோங்கள், கடையில் சேர்த்தால் சில இடங்களில் மலிவான வெல்லப்பாகு விழும்.

ஆட்டும்போது அங்கேயே இருங்கள். எண்ணெய் கலங்கலாகத்தான் வரும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய வெள்ளைத் துணியால் வாய் கட்டி இரண்டு மூன்று நாள் தெளியவிடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் ஆட்டாமல் இறுத்து, ஈரம் துளியும் இல்லாத கண்ணாடி அல்லது எவர்சில்வர் கலத்தில் வெளிச்சம் படாமல் வையுங்கள். அடி மண்டியை விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெயை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புண்ணாக்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அல்லது கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். மாடியில் செடி வைத்திருப்பவர்களுக்கு ஊறவைத்துக் கரைத்த கடலைப் புண்ணாக்கு நல்ல உரம்.

மாவு மில்

மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் மூன்றையும் முழுசாக வாங்கி மில்லில் அரைத்தால் சாயக் கலப்படம் என்ற கவலையே போய்விடும். முண்டு மிளகாயென்றால் இராமநாதபுரம் பக்கத்துச் சரக்கு மதுரைக்கு நேராக வரும், அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெயிலில் மொறுமொறுவென்று உடையும்வரை காயவைத்து, காம்பு கிள்ளிப் போடுங்கள். மில்லில் கேட்க வேண்டியது ஒன்றே, "முன்னாடி என்னண்ணே அரைச்சீங்க?" இயந்திரத்துக்குள் முந்தையவரின் தூள் கொஞ்சம் தங்கும். மிளகாய்க்குப் பின் கோதுமை போட்டால் சப்பாத்தியில் காரம் ஏறும். தூள் சூடாக வரும், பிளாஸ்டிக் பையில் பிடிக்காதீர்கள், அகலப் பாத்திரத்தில் பிடியுங்கள். வீட்டுக்கு வந்து, செய்தித்தாளில் அல்லாமல் சுத்தத் துணியில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, கட்டி பிடித்து, பத்தே நாளில் பூஞ்சை வரும்.

துணி

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரச் சமூகத்தினர் தலைமுறையாகக் கைக்கொண்ட தொழில். துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு அவிழ்ந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சு, பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் போட்டது. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் மெழுகு அச்சு, ஸ்கிரீன் அச்சுச் சேலைகளும் நிறைய. வேறுபாட்டை விரலே சொல்லிவிடும். முடிச்சுப் போட்ட புள்ளி கொஞ்சம் கூம்பி நிற்கும், அளவு ஒன்றுபோல இராது, விளிம்பில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். அச்சுப் புள்ளி தட்டையாக, கணக்காக இருக்கும், துணியின் பின்பக்கம் நிறம் மங்கும். அச்சுச் சேலை வாங்குவது தவறில்லை. அச்சு விலைக்கு வாங்குங்கள், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று தடவை கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயவையுங்கள்.

கைத்தறியை விசைத்தறியிலிருந்து பிரித்தறிய, கரையோரத்தைப் பாருங்கள். துணி சுருங்காமல் தறியில் விரித்துப் பிடிக்கும் கம்பின் ஊசித் தடங்கள் இரு ஓரத்திலும் ஒழுங்கில்லாமல் சின்னத் துளைகளாகத் தெரியும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருந்தால் எண்ணோடு ஒட்டியிருக்கும். பட்டென்றால் பட்டு முத்திரை அட்டையைக் கேளுங்கள். முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பட்டு முடி எரியும் நாற்றத்தோடு கருகிப் பொடியாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

துணிக்கடைக்குள் நுழைந்ததும் விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கொடுமைக்கு எதிராக 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, கடைகளில் பணியாளருக்கு இருக்கை கட்டாயமாக்கியது. இருக்கை இல்லாத கடையில், "இவங்க உக்கார ஸ்டூல் இல்லையாண்ணே?" என்று கல்லாவில் கேளுங்கள், அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். அவர் பதில் சொன்னால் வேலைக்கு ஆபத்து. சின்னக் கடை என்பதால் மட்டும் ஒரு கடை நல்ல கடை ஆகிவிடாது. டீக்கடையிலோ பட்டறையிலோ பதினான்கு வயதுக்குட்பட்ட பையன் வேலை பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

மீன்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. அந்நாள்களில் பெரிய வஞ்சிரம் மலிவாகக் கிடைத்தால் பனிக்கட்டியில் பல நாள் கிடந்தது, அல்லது வேறு கரையிலிருந்து வந்தது. கண்மாய் மீனுக்கு மாறுங்கள். கட்லா, ரோகு, விரால், ஜிலேபி எல்லாம் மதுரையில் தாராளம். எந்தக் காலத்திலும் சினை நண்டு வாங்காதீர்கள். செவுள் சிவப்பு, கண் பிதுங்கித் தெளிவு, அழுத்தினால் குழி விழாத சதை என்று மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். வெட்டிய பிறகு எடை போட்டால் கழிவு போன எடை, வெட்டுமுன் போட்டால் முழு எடை. விலை எதற்கு என்று முதலில் கேளுங்கள். டப்பாவில் வாங்கினால் வீட்டு வாசலில் நாற்றமும் இல்லை, கவரும் இல்லை.

புதிது வாங்காமல் இருப்பது

மிக்ஸி ஓடவில்லையென்றால் கடைக்குத் தூக்குமுன் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையில் மோட்டாரைக் காக்க அது தானாக வெளியே வந்துவிடும். மோட்டார் சுற்றியும் ஜார் சுற்றாவிட்டால் இரண்டையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்தது, சில பத்து ரூபாய்ச் சாமான். தீப்பொறியும் கருகல் வாடையும் வந்தால் பெரும்பாலும் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தது. இவை எதற்கும் புது மிக்ஸி தேவையில்லை. பழுதுக்காரரிடம் முதலில் எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒத்துக்கொண்டு, மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, அம்மி கொத்துவது, குடை, செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இன்னும் இருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களை இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் தேடுங்கள்.

பணம்

காலையில் தண்டலுக்குக் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பும் வியாபாரிகள் நம் சந்தைகளில் நிறைய. அவர்களிடம் "நாளைக்குத் தரேன்" என்றால் அந்த நாள் வட்டி அவர் தலையில். அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். யு.பி.ஐ. வசதியானது, ஆனால் மறுநாள் காலை மொத்தச் சந்தையில் அவருக்கு ரொக்கம்தான் வேண்டியிருக்கும், கூடைக்காரருக்குச் சில்லறை கொண்டுபோவது நல்லது. மளிகைக் கடையில் மாத நோட்டுப் போட்டால் ஒவ்வொரு தடவையும் விலையோடு எழுதச் சொல்லுங்கள், மாதக் கடைசியில் நினைவிலிருந்து விலை போட்டால் இருவருக்கும் மனக்கசப்பு. ஐந்தாம் தேதிக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஒரு கட்டு இயற்கைக் கீரைக்காக ஆறு கிலோமீட்டர் வண்டியில் போய்வருவதில் அர்த்தமில்லை. காய்க்கு வாரம் ஒரு முறை, மளிகைக்கும் மில்லுக்கும் மாதம் ஒரு நாள், எண்ணெய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் என்று பிரித்து, ஒரே சுற்றில் முடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் சலித்துப்போகும். முதல் மாதம் பையும் காயும். அடுத்த மாதம் பருப்பு. எண்ணெய் மூன்றாவது மாதம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பாக்கெட் இல்லாமல் வாங்கிய தானியத்துக்கு வண்டு சீக்கிரம் வரும். வந்த அன்றே சுருக்குப்பையிலிருந்து கொட்டி, ஒரு மணி நேரம் வெயில் காட்டி, ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். இரண்டு கிலோவுக்கு நாலைந்து காய்ந்த மிளகாயோ ஒரு துண்டு வசம்போ போதும். வேப்பிலையைப் போடுவதென்றால் நன்கு காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் ஈரத்தில் பூஞ்சைதான் மிஞ்சும். பழைய இருப்பின் மேல் புதிதைக் கொட்டாதீர்கள், பழையதைத் தீர்த்து, டப்பாவைக் கழுவிக் காயவைத்த பிறகே புதிது. சுருக்குப்பைகளை உள்வெளியாகத் திருப்பித் துவைத்து, முழுக்கக் காய்ந்ததும் மஞ்சப்பைக்குள்ளேயே போட்டு, மஞ்சப்பையை வாசல் ஆணியிலோ வண்டிக் கொக்கியிலோ மாட்டிவிடுங்கள். அலமாரிக்குள் மடித்து வைத்த பை கடை வாசலில்தான் நினைவுக்கு வரும்.